நடுங்காத கையெழுத்து

செங்கல்பட்டு
8 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி ஸ்டான்லிக்கு,

அக்கா ரூத் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் மகள் சாராளும் சுகம். எனக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னால் வந்து நாலு நாள் கழித்துப் போகிறது. உன் உடம்பைப் பற்றி எழுது.

உன் ஆகஸ்ட் மாதக் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை, எழுத்துதான் பிரமாதம். கோடு போடாத தாளில் ஒரு வரிகூட மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. ஒவ்வொரு 'ழ'வுக்கும் ஒரே அளவு வால். முப்பத்தொன்பது வயதில் உனக்குக் கையெழுத்து திருந்தியிருக்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாம் பேசி முடித்ததை நினைவுபடுத்துகிறேன். சாராளின் அம்மா மார்கரெட் கண்ணை மூடிய பிறகு நீ குடித்த குடியில் ஏழு வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டில் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். நான் வந்து தூக்கிக்கொண்டு போனேன். அவள் எட்டாவது பிறந்தநாளுக்கு நீ போனில் அழுத அழுகையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் போனில் பேசுவதும் வீண். நீ பாட்டுக்காரன், உள்ளே ஒரு குவார்ட்டர் போயிருந்தாலும் குரலில் தேன் ஒழுகும். அதனால்தான் போதகர் முன்னிலையில் சொன்னேன்: போன் வேண்டாம், மாதம் ஒரு கடிதம் உன் கைப்பட எழுது, கை நடுங்கினால் எழுத்து காட்டிக்கொடுக்கும். ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் வந்து பார்த்துக்கொள். 2025 மே மாதம் வரை ஒழுங்காக இருந்தால் பிள்ளை உன்னோடு. நீயும் தலையாட்டினாய்.

இருபத்திரண்டு வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். அப்பன் கையெழுத்தை மகனே போட்டுக்கொண்டு வந்த ரேங்க் கார்டுகளைக் கட்டுக்கட்டாகப் பிடித்திருக்கிறேன். நிஜமான அப்பன் கிறுக்கித்தான் தருவான். நிறுத்தி நிதானமாக அழகாகப் போடுகிறவன்தான் கள்ளன்.

யாரை வைத்து எழுதுகிறாய்? உண்மையைச் சொல்லிவிடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. சாராள் வகுப்பில் மூன்றாவது ரேங்க்.

உன் அக்கா,
ரூத்

~

கோவளம்
17 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ஸ்டான்லியின் வணக்கம். நான் சுகம். பள்ளிக்கூட மாடிப்படியை நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் முழங்கால் பாவம் என்ன செய்யும்? கீழே இருக்கிற வகுப்பைக் கேட்டு வாங்கு.

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். கோணலாக எழுதினால் குடிகாரன், நேராக எழுதினால் கள்ளன். நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம் என்றால் தம்பி எங்கேதான் போவான்?

எழுதுவது நானேதான். மறுபடியும் படம் வரைய ஆரம்பித்திருக்கிறேன். பன்னிரண்டாவது முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஓவியம் படித்தேனே, அப்புறம் கீபோர்டு வந்து பென்சிலைத் தூக்கிப் பரணில் போட்டதே, அந்தப் பென்சில் இறங்கிவிட்டது. ஜூலையில் பொத்தேரி ஹாஸ்டலிலிருந்து நாலு கல்லூரிப் பசங்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் எடுக்கிற அனிமேஷன் படத்துக்கு இசை வேண்டுமாம். கதை, திருக்கழுக்குன்றத்து மலையில் கழுகுக்கு வைத்த பொங்கலைத் தின்ன வருகிற ஒரு காகத்தைப் பற்றியது. கழுகு வருவதே இல்லை. காகம் மட்டும் தினமும் வந்து, "இன்னிக்காவது அவரு வந்தாரா?" என்று கேட்கும். பாட்டுப் போட உட்கார்ந்தவன் படத்தைப் பார்த்தேன். காகம் கோழி மாதிரி நடந்தது. "தம்பி, காக்கா ரெண்டடி நடந்தா ஒரு தத்து தத்தும்பா" என்றேன். அவர்களில் பிரவின்குமார் என்பவன் பென்சிலை நீட்டி, "அப்ப நீங்களே வரைஞ்சு காட்டுங்கண்ணா" என்றான். அன்றையிலிருந்து காகம் என் தலையில்.

ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படம் வரைய வேண்டும். கண்ணாடிக்கு அடியில் விளக்கைப் போட்டு, முந்திய படத்தின்மேல் புதுத்தாளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைய வேண்டும். கை ஒரு நூல் விலகினாலும் காகம் வலிப்பு வந்தது போல் உதறும். அதற்காகத் தினம் காலையில் ஒரு மணி நேரம் வெறும் கோடும் வட்டமுமாகப் போட்டுப் பழகுகிறேன். நீ பார்த்த 'ழ' அதன் மிச்சம்.

வேலை தலைக்கு மேல். சபையில் கிறிஸ்மஸ் பாட்டுகளைக் குரல்வாரியாகப் பிரித்து எழுத வேண்டும். கேளம்பாக்கத்துப் பிரியாணிக் கடைக்கு ஒரு விளம்பரப் பாட்டு. ஒரு டியூஷன் சென்டருக்கு வாய்ப்பாடு சொல்லுகிற யானை. எல்லாம் ஒரே மேஜைமேல் கிடக்கிறது. நேற்று யானை வாயைத் திறந்தால் பிரியாணிப் பாட்டு வருகிறது.

சாராளுக்கு ஒரு குட்டிப் புத்தகம் வைத்திருக்கிறேன். நாற்பத்தெட்டுத் தாள். முதுகைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைக் கட்டைவிரலால் சடசடவென்று விடச் சொல். காகம் தத்தி வந்து அவளைத் திரும்பிப் பார்க்கும். அட்டையில் அவளுக்கு நாலு வரி எழுதியிருக்கிறேன். பிடித்ததா என்று கேட்டு எழுது.

உன் தம்பி,
ஸ்டான்லி

~

செங்கல்பட்டு
20 அக்டோபர் 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். சாராளுக்குச் சளி வந்து போய்விட்டது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

போன வாரம் இங்கே ஒரு கல்யாணத்தில் உங்கள் சபைச் செயலாளர் ஏசுதாஸ் அண்ணனைப் பார்த்தேன். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னா ரூத்தம்மா, உன் தம்பி மறுபடியும் ஆரம்பிச்சுட்டான் போல கீது. ஆராதனை நடந்துகினு கீது, காணிக்கைப் பாட்டுல பாதியில நிக்குறான். தப்புத் தப்பா கட்டைய அழுத்துறான். கேட்டா கைய பாக்கெட்ல வுட்டுகினு வெளிய போறான். சபையே சிரிக்குது."

இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

நீயே சொல். ஆலயத்தில் உன் விரல் தடுமாறுகிறது. எனக்கு வருகிற கடிதத்தில் ஒரு நடுக்கம் இல்லை. ஒரே கை இரண்டு வேஷம் போடுமா? வாசிப்பது நீ, எழுதுவது அந்தப் பொத்தேரிப் பசங்களில் ஒருவன் என்றால் எல்லாம் பொருந்துகிறது. காக்காவை வரைகிறவனுக்கு உன் எழுத்தை வரைவது பெரிய காரியமா?

ஒரு கேள்வி கேட்கிறேன். சாராள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளையை முதலில் பார்த்துவிட்டு வந்து என் காதில் ஒன்று சொன்னாய். நாம் இருவர் மட்டும் அறிந்தது. என்ன சொன்னாய்?

கர்த்தர் உனக்கு நல்ல புத்தி தரட்டும்.

அக்கா ரூத்

~

கோவளம்
28 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

நான் சுகம். சாராளின் சளிக்குத் துளசியும் மிளகும் தட்டிக் கொடு.

"அக்கா, மூக்கு உன்னுது. ஆண்டவர்தான் இவளக் காப்பாத்தணும்" என்று சொன்னேன். நீ என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாய். அந்த அறையும் ஞாபகம் இருக்கிறது. போதுமா? இப்படி ஒரு பரீட்சை வைத்துத்தான் உன் தம்பியை நீ அடையாளம் காண வேண்டுமா?

ஏசுதாஸ் அண்ணன் சொன்னது கீபோர்டின் கோளாறு. கடல் காற்றில் உப்புப் படிந்து கட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. அவருக்கு அது புரியாது.

சாராளுக்கு இரண்டாவது புத்தகம் வைத்திருக்கிறேன். இதில் காகம் பொங்கல் பானைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். முதல் புத்தகம் பிடித்ததா என்று கேட்டிருந்தேன். நீ ஒன்றும் எழுதவில்லை. பத்து வயதுப் பிள்ளை, ஒரு வரி அவளே எழுதி வைக்கலாமே?

ஸ்டான்லி

~

செங்கல்பட்டு
15 டிசம்பர் 2024

தம்பிக்கு,

சுகம். புயல் மழையில் பின்பக்கச் சுவர் கொஞ்சம் இளகியது, வேறொன்றும் இல்லை. கோவளத்தில் கடல் ஏறியது என்று டிவியில் காட்டினார்கள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஏசுதாஸ் அண்ணன் போனில் சொன்ன பிறகுதான் தூங்கினேன். அவரிடமே கீபோர்டைப் பற்றியும் கேட்டேன்.

சபை போன ஈஸ்டருக்கு வாங்கிய புத்தம்புது கீபோர்டாம். உறை போட்டு மூடி, பூட்டி வைக்கிறார்களாம். ஒரு கட்டைகூட ஒட்டவில்லையாம். உப்பு படிந்தது கட்டையில் இல்லை தம்பி, உன் பேச்சில்.

இன்னும் கேள். உன் கச்சேரிக் குழு நடத்துகிற குமாரின் மனைவியை இங்கே ஜவுளிக்கடையில் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்தே நீ குழுவில் இல்லையாம். மாமல்லபுரத்து ஹோட்டலில் சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தாயே, அதையும் விட்டுவிட்டாயாம். இதில் ஒன்றையாவது எனக்கு எழுதினாயா? பட்டியல் மட்டும் போட்டாய், பிரியாணி, யானை, காக்கா என்று. பட்டப்பகலில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் நீ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு காக்காயோடு பேசிக்கொண்டிருந்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாளாம்.

நெருப்பில்லாமல் புகையாது. கேள்விக்குச் சரியான பதில் எழுதினாய், ஒத்துக்கொள்கிறேன். நீ சொல்லச் சொல்ல ஒருவன் எழுதியிருக்கலாம்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு வராதே. பண்டிகை நாளில் பிள்ளை முன்னால் என்னால் பயந்துகொண்டிருக்க முடியாது. மே மாதத்தைப் பற்றியும் நான் யோசிக்க வேண்டும்.

ரூத்

~

கோவளம்
22 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை.

நான் குடிக்கவில்லை. மூன்று வருஷத்தில் சாராளை நான் கண்ணால் பார்க்க முடிந்தது நாலே நாட்கள். ஐந்தாவது நாளையும் ஒரு ஜவுளிக்கடைப் பேச்சை வைத்துப் பிடுங்கிக்கொண்டாய். போதகருக்குக் கொடுத்த வார்த்தையை மீறி நான் வந்து நின்றால், "பார்த்தீர்களா" என்று சொல்ல உனக்கு வசதியாகிவிடும். வரமாட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன். செப்டம்பரிலிருந்து நான் அனுப்பியது மூன்று புத்தகம். நவம்பரில் இரண்டு வரிக் கடிதத்தோடு ஒன்று அனுப்பினேன், அதையும் சேர்த்து. இது நாலாவது. ஒன்றைப் பற்றியாவது நீ ஒரு சொல் எழுதவில்லை. எதையும் விடாமல் குடைகிறவள், இதை மட்டும் எப்படி மறந்தாய்?

நீ என்னைச் சோதிக்கிறாயா, அல்லது பிள்ளையை வைத்துக்கொள்ளச் சாக்குத் தேடுகிறாயா?

புத்தகங்களை சாராளிடம் கொடுத்தாயா? கொடுத்தேன், கொடுக்கவில்லை, ஒரு வார்த்தை எழுது.

ஸ்டான்லி

~

செங்கல்பட்டு
3 பிப்ரவரி 2025

தம்பி ஸ்டான்லிக்கு,

நாங்கள் சுகம். உன் ஜனவரிக் கடிதமும் வந்து சேர்ந்தது. பதில் எழுத இத்தனை நாள் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சாராளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், பஸ் மாறிக் கோவளம் வந்தேன். உன் ஆலயத்தில் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் முக்காடு போட்டு உட்கார்ந்தேன். வயசான காலத்தில் துப்பறியும் வேலை. கீபோர்டில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். நீ ஆண்கள் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாய். முகம் தெளிவாக இருந்தது. அதையும் நான் நம்பவில்லை.

ஆராதனை முடிந்து நீ பாட்டுப் பயிற்சிக்கு நின்றுவிட்டாய். நான் நேராக உன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா தனக்கோடியிடம் உன் அக்கா என்று சொன்னேன். என் மூக்கைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அரிசி டப்பாவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். பரண், கட்டில் அடி, குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் பார்த்தேன். பென்சில் சீவல்தான் கிடைத்தது. சுவர் முழுக்கக் காகம். மேஜையில் நீ பாதி எழுதி வைத்திருந்த ஒரு கடிதம், எனக்கு வருகிற அதே எழுத்தில்.

தனக்கோடி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னாம்மா தேடுற, பாட்டிலா? அண்ணாத்த அத தொடறதே இல்லம்மா. சாயங்காலம் ஆனா வாசிக்கிற பொட்டிய தொறப்பாரு. கைய வெச்சதும் ரெண்டு வெரலு உள்ள மடங்கிக்கும். இழுத்து இழுத்து வுடுவாரு. அப்பால கைய பாத்துகினே ஒக்காந்துகினு இருப்பாரு. பொட்டிய மூடிட்டு காக்கா வரையப் பூடுவாரு. பாக்கறப்ப எனக்கே பேஜாரா கீது. வூட்டு மனுசாளுக்குத் தெரியாதா?"

வீட்டு மனுஷிக்குத் தெரியவில்லை. உனக்காகக் காத்திருக்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

குடியை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நீ குடிக்கவில்லை என்று நிரூபிக்க ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது, அதை ஏன் எழுதவில்லை? விரலுக்கு என்ன?

அக்கா ரூத்

~

கோவளம்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். கையைத் தவிர.

நீ வந்து போனதைத் தனக்கோடி அம்மா அன்றைக்கே சொன்னார்கள். அரிசி டப்பாவைச் சரியாக மூடாமல் போய்விட்டாய், எறும்பு ஏறிவிட்டது. கோபம் இல்லை.

போன ஆகஸ்டில் காணிக்கைப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளங்கைக்குள் போய்விட்டன. வலி இல்லை. யாரோ நூல் கட்டி இழுத்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வாளி தூக்க முடிகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறது, பென்சில் பிடித்தால் ஆடாமல் நிற்கிறது. கீபோர்டில் வைத்தால் மட்டும் மடங்குகிறது. சென்னையில் நரம்பு டாக்டரிடம் போனேன். ஒரே வேலையை வருஷக்கணக்காகச் செய்கிறவர்களுக்கு, அந்த வேலைக்கு மட்டும் கை மறுத்துவிடுவது உண்டாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். பதினெட்டு வருஷம் அக்கா. ஆஸ்பத்திரி வாசலில் நின்று, ஆட்கள் பார்க்க அழுதேன்.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். பாட்டை வைத்துத்தான் பிள்ளையை வளர்ப்பேன் என்று போதகரிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பாட்டே கைவிட்டுப் போனது என்று எப்படி எழுதுவேன்? குடி என்றால் நீ திட்டுவாய். கை போனது என்றால் பரிதாபப்படுவாய். பரிதாபப்பட்டு, "பாவம், அவனே ஒண்டிக்கட்டை, பிள்ளை இங்கேயே இருக்கட்டும்" என்பாய். திட்டுகிற அக்காவிடமிருந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிவிடலாம். பரிதாபப்படுகிறவளிடம் என்ன சொல்லி வாங்குவது? அதனால் உப்பு, கட்டை என்று பொய் சொன்னேன். அது என் தப்பு.

நல்ல செய்தியும் இருக்கிறது. பொத்தேரிப் பசங்களின் காகப் படத்தைப் பார்த்துவிட்டு, சிறுசேரியில் குழந்தைகளுக்குப் பாடப் படம் செய்கிற ஒரு கம்பெனி என்னை மாச வேலைக்கு எடுத்திருக்கிறது. வீட்டிலிருந்தே வரையலாம். சாராள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் இருப்பேன். மெட்டு மண்டைக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு விரலால் தட்டிப் போடுகிறேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வீட்டுப் பரண் வரை பார்த்துவிட்டாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் உன்னிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஜனவரியோடு ஐந்து புத்தகம். சாராளிடம் கொடுத்தாயா?

தம்பி,
ஸ்டான்லி

~

செங்கல்பட்டு
16 மார்ச் 2025

என் தம்பி ஸ்டான்லிக்கு,

சாராள் சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

கொடுக்கவில்லை. ஐந்தும் என் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தன.

முழுவதும் சொல்கிறேன், நடுவில் கிழித்துப் போட்டுவிடாதே. போன ஜூலையில் சாராளுக்குப் பத்தாவது பிறந்தநாள் வந்தது. "அப்பா உங்களுக்குத்தான் எழுதுறாரு, எனக்கு எழுதவே மாட்டாரா அத்தை?" என்று கேட்டாள். உன் கடிதத்தில் அவளுக்கு எப்போதும் ஒரு வரிதான் இருக்கும். அன்று இரவு நான் உட்கார்ந்து, உன்னுடைய பழைய கோணல் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, நீ எழுதியது போல அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளை ஏங்கக் கூடாது என்றுதான் எழுதினேன், சத்தியமாக.

அடுத்த மாதமே உன் எழுத்து திருந்தி வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அதை அவள் பார்த்தால் என் கடிதம் பொய் என்று தெரிந்துவிடும். அந்தப் பதற்றத்தில்தான் யாரை வைத்து எழுதுகிறாய் என்று உன்னைக் கேட்டேன். தான் திருடி அயலாரை நம்பாள் என்பார்கள். அது நான்தான்.

பிறகு உன் முதல் புத்தகம் வந்தது. நீ சொன்னபடி கட்டைவிரலால் விட்டேன். காகம் தத்தித் தத்தி வந்து என்னைத் திரும்பிப் பார்த்தது. மறுபடி விட்டேன், மறுபடி பார்த்தது. இதைப் பிள்ளை பார்த்தால் அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவாள் என்று தோன்றியது. எனக்கு யார் இருக்கிறார்கள் ஸ்டான்லி? நாற்பத்தெட்டு வயது. காலையில் தலை பின்ன ஒரு பிள்ளை இருக்கிறாள் என்றுதான் எழுந்திருக்கிறேன். புத்தகத்தைப் புடவைக்கு அடியில் வைத்தேன். அவள் கேட்கும்போது இன்னொரு கடிதம் எழுதினேன். மொத்தம் நாலு. நீ குடித்தால் நல்லது என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்திருக்கிறேன். அதற்காகத்தான் அலைந்து அலைந்து விசாரித்தேன். கர்த்தர் என்னை மன்னிப்பாரோ மாட்டாரோ.

உன் பிப்ரவரிக் கடிதம் வந்த பிறகு ஒரு மாதம் தைரியம் வரவில்லை. நேற்று ஐந்து புத்தகத்தையும் எடுத்து அவள் முன்னால் வைத்து, "அப்பா அனுப்பினது. அத்தை கொடுக்கல" என்றேன்.

அவள் அழவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து விட்டுப் பார்த்தாள். பானையில் தலை மாட்டுகிற இடத்தில் சிரித்தாள். பிறகு எழுந்து போய்ப் புத்தகப் பையிலிருந்து நாலு கடிதத்தையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். "இது நீங்க எழுதினது."

"எப்போ தெரியும்?" என்றேன்.

"மொதல் கடிதத்துலயே. நீங்கதான அத்தை எனக்கு எழுத்து கத்துக் குடுத்தீங்க?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. அப்பா எழுதல, நான் வருத்தப்படக் கூடாதுன்னு நீங்க எழுதறீங்கன்னு நெனச்சேன். அதனால நீங்க நல்லவங்கன்னு நெனச்சேன்."

நெனச்சேன் என்றாள், தம்பி. இன்று காலையில் தலையை அவளே பின்னிக்கொண்டாள்.

நாலு கடிதத்தையும் உனக்கு அனுப்பச் சொன்னாள். இதோடு வைத்திருக்கிறேன். நீ என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ரூத்

~

கோவளம்
21 மார்ச் 2025

அக்காவுக்கு,

நான் சுகம். நீ சாப்பிடாமல் இருப்பாய் என்று தெரியும். சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் பென்சிலைத் தொடவில்லை. காகத்துக்குக் கழுத்தைத் திருப்ப நான் எட்டுப் படம் வரைந்தேன் அக்கா, அவள் பார்க்க வேண்டும் என்று. அவள் பார்க்கவே இல்லை. அப்பா எழுதுகிறதில்லை என்று எட்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகிறபோது போகட்டும், போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிறேன். பரீட்சை முடிந்ததும் சாராள் என்னோடு வருவாள். இதை உன்னிடம் அனுமதியாகக் கேட்கவில்லை. போதகரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நாலு கடிதத்தையும் படித்தேன். என்னைப் போலவே எழுதியிருக்கிறாய். நன்றாகப் படி, அத்தை சொல்வதைக் கேள், வெயிலில் ஓடாதே. நானே எழுதியிருந்தாலும் இவ்வளவுதான் எழுதியிருப்பேன். மூன்றாவது கடிதத்தில் மட்டும் நின்றுவிட்டேன். கிறிஸ்மஸுக்கு எழுதியது. டிசம்பர் 15-ஆம் தேதி, வராதே, உன்னை நம்ப முடியாது என்று எனக்கு எழுதினாய். அதற்கடுத்த வாரம் என் பெயரில் சாராளுக்கு இப்படி எழுதியிருக்கிறாய்:

"அப்பாவால் இந்த வருஷம் வர முடியவில்லை. அது அப்பாவின் தப்பு இல்லை. அப்பா குடிப்பதை விட்டுவிட்டேன் கண்ணு. யார் என்ன சொன்னாலும் நீ நம்பு."

மூன்று வருஷமாக உன்னிடமிருந்து இந்த ஒரு வரி வராதா என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு, கீழே என் பெயரைப் போட்டு, என் மகளிடம் கொடுத்திருக்கிறாய்.

மற்ற மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். இதைத் தரமாட்டேன்.

உன் தம்பி,
ஸ்டான்லி